600 ரூபாய் ஐசோலேட்டர்: யார் காசு, யார் வேலை, எப்போ மாத்தணும்?

எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், இ.எம்.ஐ.ன்னு நிறைய பேசிட்டோம். இன்னைக்கு உங்க வீட்டுச் சுவத்துல இருக்கிற ஒரு சின்ன சாமானைப் பத்திப் பேசப் போறோம். விலை சில நூறு ரூபாய்தான். ஆனா அதை "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போட்டா, வர்ற செலவு உங்க எமர்ஜென்சி ஃபண்டையே காலி பண்ணிடும்.

வாசக் கதவுக்குப் பின்னாடியோ, ஷூ ரேக்குக்கு மேலயோ ஒரு டி.பி. பாக்ஸ் இருக்கும். மூடியைத் திறந்தா வரிசையா எம்.சி.பி. ஸ்விட்சுகள் தெரியும். அதுல ஒரு ஓரமா, மத்ததைவிட அகலமா ஒண்ணு இருக்கும். அதுதான் ஐசோலேட்டர். நம்ம ஊர்ல பல பேர் அதை "மெயின்"னு சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள வர்ற மொத்த கரண்டும் அது வழியாத்தான் போகணும்.

அந்த ஐசோலேட்டர் சூடாகுது, "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் வருது, பிளாஸ்டிக் கருகின வாசனை வருது. இப்போ என்ன பண்றது? யாரைக் கூப்பிடுறது? காசு யார் கொடுக்கணும், நீங்களா, ஹவுஸ் ஓனரா, பில்டரா, ஈ.பி.யா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாததாலதான் பல வீட்டுல வேலை தள்ளிப் போகுது. ஒவ்வொண்ணா பார்த்துடலாம்.

ஐசோலேட்டர் உங்களைக் காப்பாத்தாது

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையை உடைச்சிடலாம். "ஏதாவது பிரச்சனைன்னா மெயின் தானா ட்ரிப் ஆயிடும்"னு நிறைய பேர் நினைக்கிறாங்க. எம்.சி.பி. ட்ரிப் ஆகும், சரி. ஐசோலேட்டர் ட்ரிப் ஆகாது. அதுக்குள்ள ட்ரிப் ஆகுற மெக்கானிசமே கிடையாது. அது கையால ஆன், ஆஃப் பண்ற வெறும் ஸ்விட்ச். ரிப்பேர் பண்ணும்போது ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்துத் துண்டிக்கத்தான் அது இருக்கு.

பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: எம்.சி.பி. மேல "சி 16", "சி 32" மாதிரி ஒரு எழுத்தும் நம்பரும் அச்சடிச்சிருக்கும். ஐசோலேட்டர்ல அந்த எழுத்து இருக்காது, 40 ஆம்பியர், 63 ஆம்பியர்னு மட்டும் இருக்கும்.

சரி, அது எதனால கெட்டுப் போகுது? பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான்: லூஸ் கனெக்‌ஷன். வயரை இறுக்கிப் பிடிக்கிற ஸ்க்ரூ சரியா முடுக்கப்படாம இருக்கலாம். வருஷக்கணக்கா சூடாகி, ஆறி, சூடாகி தளர்ந்திருக்கலாம். உள்ளே இருக்கிற கான்டாக்ட் தேய்ஞ்சிருக்கலாம். அந்த இடத்துல ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஏறினா சூடு வரும்.

எவ்வளவு சூடு? ஒரு சின்னக் கணக்கு போடலாம். லூஸ் ஆன இடத்துல 0.05 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்குன்னு வெச்சுக்கங்க. ராத்திரி ஃபேன், லைட், டி.வி. மட்டும் ஓடினா சுமார் 2 ஆம்பியர். அப்போ அந்த இடத்துல வர்ற சூடு 0.2 வாட். கையை வெச்சாக்கூடத் தெரியாது.

காலையில ஏ.சி. (1.6 கிலோவாட்), கீசர் (2 கிலோவாட்), இண்டக்‌ஷன் அடுப்பு (1.8 கிலோவாட்), அயர்ன் பாக்ஸ் (1 கிலோவாட்) நாலும் ஒண்ணா ஓடுது. மொத்தம் 6.4 கிலோவாட், சுமார் 28 ஆம்பியர். அதே லூஸ் கனெக்‌ஷன்ல இப்போ வர்ற சூடு 39 வாட். ரேடியோ கடையில சால்டரிங் அயர்ன் பார்த்திருப்பீங்க. சாதாரணமா அது 25 வாட்தான். அதைவிட அதிகமான சூடு, ஒரு மூடின பாக்ஸுக்குள்ள, விரல் நுனி அளவு இடத்துல.

கரண்ட் 14 மடங்குதான் ஏறுச்சு. சூடு கிட்டத்தட்ட 200 மடங்கு ஏறிடுச்சு. கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்காகும், அதான் காரணம். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே"ன்னு சொல்றவங்க வீட்டுல நடக்கிறது இதுதான். புதுசா ஏ.சி. மாட்டியிருப்பாங்க, இல்லன்னா வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பாங்க.

இன்னொரு விஷயம். இந்த சூட்டைக் கரண்ட் பில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 39 வாட், தினம் ஒரு மணி நேரம்னா ரெண்டு மாச பில்லுல ரெண்டரை யூனிட்கூட வராது. எம்.சி.பி.யும் ட்ரிப் ஆகாது, ஏன்னா கரண்ட் அதிகமாகலை, ஒரு இடம்தான் சூடாகுது. கண்ணும் மூக்கும் காதும்தான் உங்க அலாரம்.

இது நம்ம ஊர் வேலை சரியில்லாததால மட்டும் வர்ற பிரச்சனை இல்லை. இங்கிலாந்துல வீட்டு மெயின் பாக்ஸுகள்ல தீப்பிடிக்கிறது பெரிய தலைவலியா மாறினப்போ, லூஸ் கனெக்‌ஷன் ஒரு முக்கியக் காரணம்னு கண்டாங்க. 2016 ஜனவரியில இருந்து அங்க வீடுகள்ல புதுசா மாட்டுற பாக்ஸ் எரியாத பொருள்ல, அதாவது மெட்டல் மாதிரி, இருக்கணும்னு வயரிங் விதியையே மாத்தினாங்க. லூஸ் கனெக்‌ஷனை முழுசா ஒழிக்க முடியாது, தீ வெளிய பரவாம தடுக்கவாவது செய்யலாம்ங்கிறதுதான் அதோட அர்த்தம்.

இந்த அறிகுறி தெரிஞ்சா தள்ளிப் போடாதீங்க

வெளிய இருந்து பார்த்தாலே தெரியுற விஷயங்கள் இவை. பாக்ஸை ஸ்க்ரூ கழட்டித் திறக்க வேண்டாம். மூடியை விலக்கிப் பார்த்தா போதும்.

ஐசோலேட்டரைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருக்கு, உருகின மாதிரி இருக்கு.

கருகின வாசனை, சில சமயம் மீன் நாத்தம் மாதிரி ஒரு வாசனை. சமையல் நடக்காதப்போ இந்த வாசனை வந்தா டி.பி. பாக்ஸைப் பாருங்க.

கீசர் போட்டதும் ஹால் லைட் துடிக்குது, பாக்ஸுல இருந்து சத்தம் வருது.

கைப்பிடி "டக்"னு நிக்காம தொளதொளன்னு ஆடுது, இல்லன்னா இறுகிப் போய் நகரவே மாட்டேங்குது.

ஆஃப் பண்ணின பிறகும் வீட்டுல கரண்ட் இருக்கு. உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். இது ரொம்ப ஆபத்து, ஏன்னா "மெயின் ஆஃப் பண்ணிட்டேன்"னு நம்பி யாராவது வயர்ல கை வைப்பாங்க.

இதெல்லாத்தையும்விட பர்ஸுக்குப் பெரிய அடி கொடுக்கிறது ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் சப்ளைன்னா ஐசோலேட்டர் நாலு போல் இருக்கும்: மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல். அதுல நியூட்ரல் கான்டாக்ட் மட்டும் விட்டுப் போச்சுன்னா, ஒரு ரூம்ல லைட் மங்கும், இன்னொரு ரூம்ல லைட் கண் கூசுற மாதிரி எரியும். 230 வோல்ட் வர வேண்டிய சாமானுக்கு 300, 350 வோல்ட்கூட வர வாய்ப்பு இருக்கு. ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 400 வோல்ட்டுக்கு மேல இருக்கும். நியூட்ரல் இல்லாதப்போ அந்த வோல்டேஜை ரெண்டு ரூம் சாமானும் தங்களுக்குள்ள பங்கு போட்டுக்கும். பங்கு சமமா இருக்காது. கம்மியா கரண்ட் இழுக்கிற டி.வி., வைஃபை ரவுட்டர், லேப்டாப் சார்ஜர் பக்கம்தான் அதிக வோல்டேஜ் போகும்.

பாதி வீடு மங்கலா, பாதி வீடு பிரகாசமா தெரிஞ்சா யோசிக்கவே வேண்டாம். உடனே மெயினை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பக்கத்து வீட்டுல கேளுங்க. அவங்களுக்கும் அதே நிலைமைன்னா பிரச்சனை வெளிய, ஈ.பி. லைன்ல இருக்கலாம். உங்க வீட்டுல மட்டும்னா உங்க ஐசோலேட்டரையோ, மீட்டர்ல இருந்து வர்ற வயரையோ சந்தேகப்படணும்.

முதல் பத்து நிமிஷம்

சூடு, வாசனை, சத்தம் மட்டும்தான், புகை இல்லைன்னா: முதல்ல ஏ.சி., கீசர், அடுப்பை அதது ஸ்விட்சுலயே ஆஃப் பண்ணுங்க. அப்புறம் எம்.சி.பி.களை ஒவ்வொண்ணா இறக்குங்க. கடைசியா ஐசோலேட்டரை ஆஃப் பண்ணுங்க. இந்த வரிசை முக்கியம். ஏற்கெனவே கருகின கான்டாக்டை முழு லோடுல பிரிச்சா உள்ள பொறி பறக்கும்.

புகையோ தீயோ தெரிஞ்சா அதைத் தொடாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க. மீட்டர் ரூம்ல உங்க வீட்டுக்குத் தனி ஸ்விட்ச் இருந்து, அங்க பாதுகாப்பாப் போக முடிஞ்சா அதை ஆஃப் பண்ணுங்க. 101 அல்லது 112-க்கு போன் பண்ணுங்க.

இப்போ ரொம்ப முக்கியமான ஒண்ணு. ஐசோலேட்டரை ஆஃப் பண்ணிட்டா அதுக்கு அப்புறம் இருக்கிற வீடுதான் செத்த லைன். ஐசோலேட்டருக்கு உள்ளே வர்ற பக்கத்து ஸ்க்ரூல கரண்ட் அப்படியே இருக்கும். "மெயின் ஆஃப்ல இருக்கு, ஸ்க்ரூவை லேசா முடுக்கிவிடலாம்"னு நினைக்கிறவங்களுக்கு ஷாக் அடிக்கிறது அங்கதான். அதனால இது வீடியோ பார்த்து நாமளே பண்ற வேலை இல்லை. எங்க வீடியோவா இருந்தாலும் சரி!

வர்ற எலக்ட்ரீஷியன்கிட்ட வயர்மேன் லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க. தமிழ்நாட்டுல மின் உரிமம் வழங்கும் வாரியம் அதுக்குத் தகுதிச் சான்று தருது. கேட்டா கோவிச்சுக்குவாரோன்னு கூச்சப்பட வேண்டாம். "அண்ணே, லைசென்ஸ் நம்பர் பில்லுல போட்டுக் கொடுத்துடுங்க, ஓனருக்கு அனுப்பணும்"னு சொன்னா போதும்.

எது வரைக்கும் யாரு பொறுப்பு?

கரண்ட் உங்க வீட்டுக்கு வர்ற பாதையை நாலு துண்டா பிரிச்சுக்கங்க. காசு யாருதுங்கிற கேள்விக்குப் பதில் அதுலயே கிடைச்சிடும்.

*ஒண்ணு: சர்வீஸ் லைன், கட்-அவுட் ஃபியூஸ், மீட்டர்.* இது மின்வாரியத்தோடது. 2024-ல இருந்து விநியோகத்தைப் பார்க்கிற நிறுவனத்துக்குப் பேர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். நம்மளுக்கு இன்னும் ஈ.பி.தான்! இங்க பிரச்சனைன்னா மின்னகம் 94987 94987-க்கு போன் பண்ணுங்க. 2021-ல ஆரம்பிச்ச சேவை, 24 மணி நேரமும் உண்டு. கையில ஈ.பி. கார்டு நம்பர் வெச்சுக்கங்க. புகார் எண் வாங்க மறக்காதீங்க. மீட்டர் சீலை நீங்களோ உங்க எலக்ட்ரீஷியனோ தொடவே கூடாது. அது மின்சாரச் சட்டப்படி குற்றம். ஐசோலேட்டரை மாத்த மீட்டர் பக்கத்துல சப்ளையை நிறுத்த வேண்டியிருந்தா, செக்‌ஷன் ஆபீஸுல சொல்லி அவங்க ஆளை வெச்சு நிறுத்துங்க.

*ரெண்டு: மீட்டர் ரூம்ல இருக்கிற பொது பேனல்.* இது பொதுச் சொத்து, அசோசியேஷன் பார்க்கணும். நீங்க கட்டுற மெயின்டனன்ஸ் காசு இதுக்கும் சேர்த்துத்தான்.

*மூணு: உங்க வீட்டு டி.பி. பாக்ஸ், நீங்களே ஓனர்.* ஃபிளாட் கைக்கு வந்து 5 வருஷம் ஆகலைன்னா பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி பில்டருக்கு எழுதுங்க. ரியல் எஸ்டேட் சட்டம், 2016, பிரிவு 14(3) படி, பொசஷன் கொடுத்த நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள வேலைப்பாடு, தரம், சேவைகள்ல குறை தெரிஞ்சு நீங்க சொன்னா, பில்டர் 30 நாளுக்குள்ள கூடுதல் காசு வாங்காம சரி பண்ணித் தரணும். ஆனா கருகுற ஐசோலேட்டரை 30 நாள் வெச்சிருக்க முடியாது. அதனால இமெயில்ல தெரிவிச்சு, போட்டோ எடுத்து, நீங்க மாத்திடுங்க. பில்லை அனுப்பி காசைக் கேளுங்க.

*நாலு: உங்க வீட்டு டி.பி. பாக்ஸ், நீங்க வாடகைக்கு இருக்கீங்க.* சண்டை வர்ற இடம் இதுதான்.

ஓனரா, நானா?

தமிழ்நாட்டுல வாடகைக்கு 2017-ல ஒரு சட்டம் போட்டாங்க. 2019 பிப்ரவரி 22-ல அமலுக்கு வந்துச்சு. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ரெண்டு பேரோட உரிமையும் பொறுப்பும் அதுல இருக்கு. அதோட இரண்டாவது அட்டவணை எந்த ரிப்பேர் யாருதுன்னு பிரிச்சுச் சொல்லுது. வீட்டுக்குள்ளயும் வெளியயும் இருக்கிற வயரிங்கும் அது சம்பந்தப்பட்ட பராமரிப்பும் ஓனர் பக்கம். ஸ்விட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேர், கீசர் ரிப்பேர் எல்லாம் வாடகைதாரர் பக்கம்.

இப்போ ஐசோலேட்டர் எந்தப் பக்கம்? பேரைப் பார்த்தா அதுவும் ஒரு ஸ்விட்ச்தான், உங்க தலையில விழும். வேலையைப் பார்த்தா அது மெயின் வயரிங்கோட பகுதி, அதுவும் வயர் முனை கருகியிருந்தா அது வயரிங் வேலைதான். ரெண்டு பக்கமும் வாதாடலாம். வாதாடிக்கிட்டே இருக்கும்போதுதான் பிளாஸ்டிக் உருகிக்கிட்டு இருக்கும்!

நான் சொல்ற நடைமுறை இது. ஐசோலேட்டரும் வயரும் வீட்டோட தங்கிடும், நீங்க காலி பண்ணும்போது கழட்டிட்டுப் போகப் போறதில்லை. அதனால சாமான் காசை ஓனர் கொடுக்கிறதுதான் நியாயம். நீங்க புதுசா ஏ.சி. மாட்டி லோடு ஏத்தினதால வந்த பிரச்சனைன்னா கூலியை நீங்க ஏத்துக்கறேன்னு சொல்லுங்க. இதுக்கு மேல பேரம் பேச இதுல பெரிய தொகை இல்லை.

ஓனர் தயங்கினா அவருக்கு ஒரு வருமான வரிக் கணக்கை ஞாபகப்படுத்தலாம். வாடகை வருமானத்துல சொத்து வரி போக மீதியில 30 சதவீதத்தை, உண்மையில ரிப்பேர் செலவு பண்ணினாலும் பண்ணலைன்னாலும், கழிச்சுக்கச் சட்டம் அனுமதிக்குது. மாசம் 10,000 ரூபாய் வாடகைன்னா வருஷத்துக்கு 1,20,000. சொத்து வரியைத் தவிர்த்துப் பார்த்தா 36,000 ரூபாய்க்கு வரி கிடையாது. பழைய வரி முறை, புது வரி முறை ரெண்டுலயும் வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இது உண்டு. அந்த 36,000-ல இருந்து ஒரு 1,300 ரூபாய் போனா ஓனருக்கு நஷ்டம் இல்லை.

சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்த்துக்கிட்டு திருவண்ணாமலையில ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிற நண்பர்களே, இது உங்களுக்கும்தான். அந்த 30 சதவீதத்துல ரிப்பேர் செலவும் அடக்கம். ஐசோலேட்டர் பில்லைத் தனியா கழிக்க முடியாது. அதனால வாடகை வந்ததும் மாசம் 300 ரூபாயை ஒரு ஆர்.டி.யில போட்டு வைங்க. வருஷத்துக்கு 3,600 ஆச்சு. குடியிருக்கிறவர் போன் பண்ணினதும் யோசிக்காம "மாத்திடுங்க தம்பி"ன்னு சொல்லிடலாம்.

வாடகைக்கு இருக்கிறவங்க ஓனருக்கு போன் பண்ணிப் பேசிட்டு, கூடவே ஒரு மெசேஜும் போட்டுடுங்க. இந்த மாதிரி:

"வணக்கம் சார். ரெண்டாவது மாடி வீட்டுல மெயின் ஐசோலேட்டர் கருகியிருக்கு, போட்டோ அனுப்பியிருக்கேன். எலக்ட்ரீஷியன் பார்த்துட்டு இன்னைக்கே மாத்தணும்னு சொல்றார். சாமானும் கூலியும் சேர்த்து சுமார் 1,300 ரூபாய் ஆகும். இப்போதைக்கு நான் கொடுத்துட்டு, பில் வெச்சு அடுத்த மாச வாடகையில கழிச்சுக்கட்டுமா சார்? சரின்னு ஒரு ரிப்ளை போடுங்க."

நாலு விஷயம் இதுல இருக்கு: என்ன பிரச்சனை, எவ்வளவு அவசரம், எவ்வளவு காசு, எப்படிக் கழிக்கிறது. ஓனர் தன் பொறுப்புல இருக்கிற ரிப்பேரைச் செய்ய மறுத்தா, வாடகைதாரர் செஞ்சுட்டு வாடகையில கழிச்சுக்க அந்தச் சட்டத்துலயே வழி இருக்கு. ஆனா எழுத்துல சம்மதம் இருந்தா காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல கை வைக்கிற பேச்சே வராது.

எவ்வளவு ஆகும்?

இது ஒரு உதாரணக் கணக்கு. பிராண்ட், ஊர், வீட்டு நிலையைப் பொறுத்து மாறும். ரெண்டு போல் ஐசோலேட்டர் 600 ரூபாய், கருகின வயர் துண்டை மாத்தவும் லக் போடவும் 200, கூலி 500. மொத்தம் 1,300. நாலு போல்னா சாமான் விலை கொஞ்சம் கூடும்.

இந்தக் காசுக்குச் சரியான வேலை கிடைச்சுதான்னு பார்க்க இதையெல்லாம் கேளுங்க.

வயர் முனை கருகியிருந்தா, கருகின பகுதியை வெட்டி, நல்ல செம்பு தெரியுற இடத்துல இருந்து புதுசா இணைக்கணும். புது ஐசோலேட்டர்ல பழைய கருகின முனையைச் சொருகினா ஆறு மாசத்துல திரும்பவும் அதே கதைதான்.

"40-க்குப் பதிலா 63 ஆம்பியர் போட்டுட்டா பிரச்சனை தீர்ந்துடும்"னு சொன்னா, "வயர் அந்த லோடைத் தாங்குமா அண்ணே?"ன்னு திருப்பிக் கேளுங்க. ஐசோலேட்டர் பெரிசா இருக்கிறதால வயர் பெரிசாகாது. லூஸ் கனெக்‌ஷன் 63 ஆம்பியர்லயும் சூடாகத்தான் செய்யும்.

ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கணும்னு கம்பெனி குறிப்புல இருக்கும். மத்த எம்.சி.பி. ஸ்க்ரூக்களையும் அதே நேரத்துல முடுக்கச் சொல்லுங்க. கூடுதல் கூலி பெரிசா இருக்காது, பலன் பெரிசு.

சாமானை ஜி.எஸ்.டி. பில்லோட வாங்குங்க. பில் இல்லாம 100 ரூபாய் மிச்சம் பிடிச்சா வாரண்டியும் போச்சு, நுகர்வோர் புகார் கொடுக்கிற வழியும் குறுகிடும். கழட்டின பழைய ஐசோலேட்டரைத் தூக்கிப் போடாதீங்க. பில்டர்கிட்டயோ, ஓனர்கிட்டயோ, இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டயோ அதுதான் உங்க சாட்சி.

பாக்ஸைத் திறந்த கையோட இன்னொரு கேள்வி: வீட்டுல ஆர்.சி.சி.பி. இருக்கா? "டி"ன்னு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சா கரண்டைத் துண்டிச்சு உயிரைக் காப்பாத்துற சாமான் அது. வீடுகள்ல அதைப் பொருத்தச் சொல்லி ஈ.பி.யே வலியுறுத்துது. ஐசோலேட்டரோ எம்.சி.பி.யோ இந்த வேலையைச் செய்யாது. அதேபோல ஆர்.சி.சி.பி. லூஸ் கனெக்‌ஷன் சூட்டைக் கண்டுபிடிக்காது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நிம்மதியா இருக்கீங்களா?

2021 ஏப்ரல் 1-ல இருந்து எல்லா பொது இன்சூரன்ஸ் கம்பெனியும் "பாரத் க்ருஹ ரக்‌ஷா"ன்னு ஒரே மாதிரி வீட்டு பாலிசி விக்கணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிடுச்சு. வாடகைக்கு இருக்கிறவங்க கட்டடத்தை விட்டுட்டு வீட்டுச் சாமானுக்கு மட்டும்கூட எடுக்கலாம்.

ஆனா பாலிசியில ஒரு விலக்கு இருக்கு, படிச்சுப் பாருங்க. அதிக வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், தானா சூடாகுறது போன்ற காரணத்தால எந்த மின்சாதனம் கெடுதோ, அந்தச் சாதனத்துக்கு மட்டும் காசு கிடைக்காது. ஐசோலேட்டர் கருகிப் போச்சுன்னா அதுக்கு க்ளைம் இல்லை. நியூட்ரல் போய் டி.வி. எரிஞ்சாலும் அந்த டி.வி.க்கு க்ளைம் கிடைக்கிறது கஷ்டம். அங்க இருந்து தீ பரவி சோஃபா, பீரோ, துணிமணி எரிஞ்சாத்தான் அது தீ விபத்துங்கிற கணக்குல வரும்.

அதாவது, பெரிய விபத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு. நடுத்தர நஷ்டம் உங்க பாக்கெட்டுல இருந்துதான். 30,000 ரூபாய் டி.வி.யும் 45,000 ரூபாய் லேப்டாப்பும் ஒரே நாள்ல போனா 75,000. பல பேருக்கு அது ரெண்டு மாச சம்பளம். அதைத் தடுக்க நம்ம கையில இருக்கிற ஒரே வழி அந்த 1,300 ரூபாயை முன்னாடியே செலவு பண்றது.

திருவண்ணாமலைக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை

செங்கம் ரோடு, போளூர் ரோடு, வேட்டவலம் ரோடுன்னு எந்தப் பக்கம் ஃபிளாட்ல இருந்தாலும் உங்க வீட்டு லோடு பௌர்ணமிக்கு பௌர்ணமி மாறும். 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்திட்டு வர்ற சொந்தக்காரங்க, ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் உங்க வீட்டுலதான் வந்து படுப்பாங்க. விடிகாலையில கீசர் நிக்காது, ஹால்ல ஏ.சி. நிக்காது, அடுப்பு நிக்காது. மேல போட்ட 28 ஆம்பியர் கணக்கு அன்னைக்கு உங்க வீட்டுல நிஜமாவே நடக்கும். கார்த்திகை தீபம்னா பத்து நாளும் அப்படித்தான்.

அந்த நாள்லதான் எலக்ட்ரீஷியன் கிடைக்கிறதும் கஷ்டம். டவுனுக்குள்ள வண்டி நகராது, பாதி கடை கூட்டத்தைப் பார்க்கிறதுலயே இருக்கும். பெரியவங்க, குழந்தைங்க நிறைஞ்ச வீட்டுல மெயின் பாக்ஸ் புகையுற நிலைமையை அன்னைக்குச் சமாளிக்கிறதைவிட, பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்னாடி சாதாரண கூலியில வேலையை முடிக்கிறது புத்திசாலித்தனம். அதுவரைக்கும் கீசரும் ஏ.சி.யும் ஒரே நேரத்துல ஓடாம பார்த்துக்கங்க. இது தற்காலிகம்தான். கருகின வாசனை ஏற்கெனவே வந்துடுச்சுன்னா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க, மெயினை ஆஃப் பண்ணிட்டு ஆளைக் கூப்பிடுங்க.

வாங்கின சாமான் டூப்ளிகேட்டா இருந்தாலோ, செஞ்ச வேலை சரியில்லாம நஷ்டம் ஆனாலோ, முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல சொல்லுங்க. தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் திருவண்ணாமலையிலயே இருக்கு. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நீங்க குடியிருக்கிற இடத்துலயோ வேலை பார்க்கிற இடத்துலயோ தாக்கல் பண்ணலாம், பிரச்சனை வந்த நாள்ல இருந்து 2 வருஷம் டைம் இருக்கு. அதுக்கும் அந்த ஜி.எஸ்.டி. பில்தான் அடிப்படை.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது

வீட்டுக்குப் போனதும் டி.பி. பாக்ஸ் மூடியைத் திறந்து ஒரு போட்டோ எடுங்க. நிறம் மாறியிருக்கா பாருங்க, கிட்ட நின்னு மோந்து பாருங்க, சத்தம் வருதான்னு கேளுங்க. நாளைக்குக் காலையில கீசர் ஓடி அரை மணி நேரம் ஆன பிறகு திரும்பவும் அதே மாதிரி ஒரு தடவை பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா எலக்ட்ரீஷியனுக்கு போன், ஓனருக்கு மெசேஜ். எதுவும் தெரியலைன்னா அந்த போட்டோவைத் தேதியோட வெச்சுக்கங்க, ஆறு மாசம் கழிச்சு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இந்த மாசம் எஸ்.ஐ.பி.யை 1,300 ரூபாய் கம்மியா போட்டாலும் பரவாயில்லை, அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுக்கலாம். ஐசோலேட்டரை மட்டும் அடுத்த மாசத்துக்குத் தள்ளாதீங்க. உங்க ஓனர் வெளியூர்ல இருந்தா அந்த மெசேஜை அப்படியே காப்பி பண்ணி, தொகையை மட்டும் மாத்தி அனுப்பிடுங்க. அடுத்த பதிவுல வாடகை அட்வான்ஸை முழுசா திரும்ப வாங்குறது எப்படின்னு பார்ப்போம்.